நாய் நின்ற இடத்தில் ஒரு கோட்டை

நீங்கள் கேட்டது இது. மதுரைக்குக் குடிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மேல மாசி வீதிக்குப் பின்புறம் ஒரு சந்தில் வீடு. விடியற்காலையில் நாயை அழைத்துக்கொண்டு நடக்கிறீர்கள். சந்து முனையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கருங்கல் சாய்ந்து நிற்கிறது; அதை மோந்து பார்க்காமல் நாய் ஒரு நாளும் நகர்வதில்லை. அந்தக் கல் என்ன? இந்தத் தெருப்பெயர்களுக்குப் பின்னால் ஏதாவது இருக்கிறதா? எங்கிருந்து தொடங்குவது?

கல்லிலிருந்தே தொடங்குவோம். நீங்கள் சொல்லும் இடமும் சாய்வும் உயரமும் பொருந்துவதால், அது பெரும்பாலும் வண்டிச் சக்கரத்துக்கு எதிராக நட்ட காவல் கல். மாட்டு வண்டி குறுகிய சந்துக்குள் திரும்பும்போது சக்கரத்தின் நடுவிலுள்ள குடம் வெளியே துருத்திக்கொண்டு வரும். சக்கரம் கழலாமல் பிடிக்கும் கடையாணியும் குடமும் உரசினால் செங்கல் சுவர் பெயர்ந்துவிடும். அதனால் வீட்டுக்காரர்கள் முனையில் ஒரு கருங்கல்லை நட்டு, அதன் அடி தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படி சாய்த்துவைத்தார்கள். சக்கரத்தின் இரும்புப் பட்டை முதலில் கல்லில் இடித்து விலகிப் போகும், சுவர் தப்பும். வண்டிகள் போய்விட்டன, கல் நிற்கிறது. தெருப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். வண்டி உரசிய பக்கம் வழவழப்பாகவும், வீட்டுப் பக்கம் உளி பட்ட சொரசொரப்போடும் இருக்கும். மழை பெய்த மறுநாள் காலையில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்தக் கல் முழங்கால் உயரம் என்கிறீர்கள். நட்டபோது அது இன்னும் உயரமாக இருந்திருக்கும். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே மீண்டும் மீண்டும் தார் போட்டதில் தெரு உயர்ந்துவிட்டது. உங்கள் சந்திலேயே சில பழைய வீடுகளுக்குத் தெருவிலிருந்து படி இறங்கிப் போக வேண்டியிருக்கும். அந்த வீடுகளைக் கட்டியவர்கள் பள்ளத்தில் கட்டவில்லை; திண்ணைக்குப் படி ஏறிப் போகும்படிதான் கட்டினார்கள். எத்தனை படி மண்ணுக்குள் போயிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், தெரு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

நான் இந்த ஊரில் பல ஆண்டுகளாக நாயுடன் நடப்பவன். வரலாற்றை விரும்புகிறவர்களுக்கு நாயைவிட நல்ல துணை கிடையாது என்பது என் உறுதியான கருத்து. தனியாக நடப்பவன் போகுமிடத்தை நினைத்துக்கொண்டு நடக்கிறான். நாய் நிற்கிறது, நாமும் நின்றாக வேண்டும். அது ஒரு கல்லை மோந்துகொண்டிருக்கும் அரை நிமிடத்தில் நம் கண் சும்மா இருக்காது, மேலே போகும். ஐந்தரை மணிக்குக் கடைகளின் ஷட்டர்கள் மூடியிருக்கும், வண்டிகள் நெருக்கியடிக்காது. மாடிக் கைப்பிடிச் சுவரில் சுதையால் எழுதிய ஆண்டும், கட்டியவரின் பெயர் எழுத்துகளும் அப்போதுதான் கண்ணில் படும். பத்து மணிக்கு அதே தெருவில் விளம்பரப் பலகைகளையும் தொங்கும் துணிகளையும் தவிர வேறெதையும் பார்க்க முடியாது.

இப்போது தெருப்பெயர்களுக்கு வருகிறேன். மதுரையின் நடுப்பகுதி கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்தது. கோயிலுக்கு உள்ளேயே ஆடி வீதிகள், மதிலைச் சுற்றிச் சித்திரை வீதிகள், அதற்கு வெளியே ஆவணி மூல வீதிகள், அதற்கும் வெளியே மாசி வீதிகள். எல்லாம் மாதங்களின் பெயர்கள். மாசியைத் தாண்டியதும் மாதங்கள் நின்றுவிடுகின்றன. மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று ஆட்பெயர்கள் வருகின்றன. கடைசியில் வெளி வீதி. எதற்கு வெளியே? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் பாதிக் கதை கைக்கு வந்துவிடும்.

கோட்டைக்கு வெளியே. 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலத்தில் இந்த ஊரைச் சுற்றி இரட்டை மதிலும் அகழியுமாக ஒரு கோட்டை எழுந்தது. அதற்கு 72 கொத்தளங்கள், ஒவ்வொன்றின் காவலும் ஒரு பாளையக்காரர் பொறுப்பு என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1801இல் பாளையக்காரர்களின் போர்கள் முடிந்து, ஆற்காட்டு நவாபின் கர்நாடகப் பகுதி முழுவதும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனியின் கைக்கு வந்த பிறகு இந்த மதிலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. மதிலுக்குள் வீடுகள் நெருங்கிக் கிடந்தன. அகழியில் தண்ணீர் தேங்கி நாறியது, காய்ச்சல் பரவியது. 1834 முதல் 1847 வரை மதுரை ஆட்சியராக இருந்த ஜான் பிளாக்பர்ன், அரசின் அனுமதி பெற்று மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார்.

அவ்வளவு பெரிய மதிலை அவர் இடித்த முறை எனக்கு மிகவும் பிடித்தமானது. அரசிடம் அதற்குப் பெரிய பணம் இல்லை. மதிலின் ஒரு பகுதியை இடித்துச் சமன்படுத்துகிறவருக்கு அங்கேயே மனை என்று ஏற்பாடு செய்தார். ஊரே கடப்பாரையைத் தூக்கியது. நில அளவையைப் பார்த்தவர் மாரட் என்ற ஆங்கிலேயர். இடிப்பு வேலையை மேற்பார்த்தவர் பெருமாள் மேஸ்திரி. மதிலும் அகழியும் இருந்த பட்டையில் பிறந்த தெருக்களுக்கு இவர்கள் இருவரின் பெயரும் நிலைத்தது. மாரட் என்பதை மராட்டியரோடு தொடர்புபடுத்துகிறவர்கள் இன்றும் உண்டு; நானும் சிறுவயதில் அப்படித்தான் கேள்விப்பட்டேன். அது ஒரு அளவையாளரின் பெயர். ஒரு மேஸ்திரியின் பெயர் நான்கு திசையிலும் நான்கு வீதிகளுக்கு நிலைத்து, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக மக்கள் வாயில் புழங்குவதைப் பெருமாள் மேஸ்திரி வீதியில் நடக்கும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன். மன்னர்களுக்கும் ஆளுநர்களுக்கும் கிடைக்கிற மரியாதை அது.

மதில் போனாலும் வாசல்கள் போகவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் "தெற்குவாசல்" என்று குரல் கொடுத்தால் இறங்குகிறோம். கீழவாசலில் சாமான் வாங்குகிறோம். அங்கே வாசலும் இல்லை, கதவும் இல்லை. கோட்டையைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே மேலவாசல் பகுதிக்குப் போங்கள். மேற்கு வாசலை ஒட்டிய கட்டுமானத்தின் ஒரு துண்டு அங்கே மிஞ்சியிருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் தினமும் அதைக் கடந்து பஸ் ஏறுகிறார்கள். உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். நாயைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் அதன் எதிரில் நில்லுங்கள். பெரிய பெரிய கற்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், இதே அளவில் ஊரைச் சுற்றி ஒரு மதில் ஓடியது என்பது உடம்புக்கே உறைக்கும்.

இதற்குள்ளே இன்னும் பழைய கோட்டை ஒன்று ஒளிந்திருக்கிறது. விசுவநாத நாயக்கர் வெறும் நிலத்தில் கோட்டை கட்டவில்லை. பாண்டியர் காலத்துச் சிறிய கோட்டையை இடித்து, அதன் அகழியைத் தூர்த்துவிட்டு, வெளியே தள்ளிப் பெரிதாகக் கட்டினார். அந்தப் பழைய அகழியின் நினைவு ஒரு தெருப்பெயரில் உட்கார்ந்திருக்கிறது: பாண்டியன் அகிழ் தெரு. அகழி என்ற சொல் வாயில் புரண்டு அகிழ் ஆகிவிட்டது. பலகையில் எழுதியவருக்கும் அதன் பொருள் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். ஆனால் சொல் பிடிவாதமாக இருக்கிறது. அந்தத் தெருவில் நான் முதன்முதலில் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்து, அகிழ் என்றால் அகழி என்று பிடிபட்ட காலையில், என் நாய் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தது, நான் நகரவில்லை. காலுக்கடியில் பாண்டியரின் அகழி. அதன்மேல் நாயக்கர் காலத்து ஊர். அதன்மேல் தார்ச்சாலை.

அடுத்ததாக, தேர். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரின் அமைப்பையே தேர் தீர்மானித்திருக்கிறது என்பதை நடந்து பார்த்தால்தான் நம்ப முடியும்.

மாசி வீதியில் தேர் ஓடுவது சித்திரையில். பெயருக்கும் மாதத்துக்கும் பொருந்தவில்லையே என்று நீங்கள் யோசித்திருக்கலாம். மீனாட்சி கல்யாணமும் தேரோட்டமும் ஒரு காலத்தில் மாசி மாதத்தில் நடந்தன, 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் அவற்றைச் சித்திரைக்கு மாற்றி அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு இணைத்தார் என்பது மதுரைக்காரர்கள் சொல்லும் காரணம். விழா இடம்பெயர்ந்தது, வீதி பழைய பெயரிலேயே நின்றுவிட்டது.

திருக்கல்யாணத்துக்கு மறுநாள் தேர். கீழ மாசி வீதியில் தேர் நிற்கும் இடமான தேர்முட்டியிலிருந்து புறப்பட்டுத் தெற்கு நோக்கி வரும். தேருக்கு முன்னால் நெடுந்தூரம் வடம் நீளும். அதைப் பிடித்து நூற்றுக்கணக்கானோர் இழுப்பார்கள். கீழ மாசி வீதி முடிந்து தெற்கு மாசி வீதிக்குத் திரும்ப வேண்டிய முனையை நினைத்துப் பாருங்கள். வடத்தின் முன்நுனியைப் பிடித்திருப்பவர்கள் முனைக்கு வந்துவிட்டார்கள், ஆனால் தேர் இன்னும் வடத்தின் நீளத்துக்குப் பின்னால் நிற்கிறது. அவர்கள் அங்கேயே வலப்பக்கம் திரும்பி இழுத்தால் தேர் நேராக வராது. குறுக்கே சாய்ந்து மூலை வீட்டின்மேல் போய் நிற்கும். அவர்கள் நேரே தெற்கே போய்க்கொண்டே இருக்க வேண்டும், தேர் முனையைத் தொடும்வரை. அதற்கு ஒரு தெரு வேண்டும். அந்தத் தெருதான் வடம்போக்கித் தெரு. வடத்தைப் போகவிடுகிற தெரு. தேர் முனைக்கு வந்து, முட்டுக்கட்டை போட்டு நிறுத்தித் திருப்பப்பட்டதும், வடத்தைச் சந்திலிருந்து வெளியே எடுத்துத் தெற்கு மாசி வீதியில் மேற்கு நோக்கி நீட்டுவார்கள்.

மகால் வடம்போக்கித் தெரு என்ற பலகையை விளக்குத்தூணுக்குப் பக்கத்தில் பார்ப்பீர்கள். வடம்போக்கி என்ற பெயர் மாசி வீதிகளின் மற்ற முனைகளை ஒட்டியும் உண்டு. ஒரு நாள் காலையில் நாயை அழைத்துக்கொண்டு கீழ மாசி வீதியின் நடுவில் தெற்குப் பார்த்து நடங்கள். முனையை அடைந்ததும் திரும்பாதீர்கள், நேரே போங்கள். தேரின் வடத்தைப் பிடித்தவர் நடந்த வழி அதுதான். ஆண்டுக்கு ஒரு நாள், சில மணி நேரப் பயன்பாட்டுக்காக ஒரு ஊர் தன் மனைகளை ஒதுக்கித் தெருவாக விட்டிருக்கிறது. தெருவின் அகலத்தை நிர்ணயிப்பது குறித்து இன்றைக்கு நடக்கும் பேச்சுகளையெல்லாம் கேட்கும்போது எனக்கு இந்தச் சந்து நினைவுக்கு வருகிறது.

விளக்குத்தூண் என்றேன். அதுவும் நீங்கள் கேட்ட கதையின் ஒரு கண்ணிதான். கோட்டையை இடித்து ஊருக்குக் காற்றுவழி விட்ட பிளாக்பர்னுக்கு நன்றியாக நிறுவிய விளக்கு அது. ஒரு பகுதி முழுவதற்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது; பிளாக்பர்னின் பெயர் மட்டும் உதிர்ந்துவிட்டது. மேஸ்திரியின் பெயர் நின்றது, கலெக்டரின் பெயர் போனது.

அங்கிருந்து சில அடிகள் நடந்தால் பத்துத்தூண். சேலைக் கடைகள் நெருங்கிய சந்துக்குள் பத்துக் கருங்கல் தூண்கள், மேலே கூரையில்லாமல் நிற்கின்றன. அண்ணாந்து பார்த்தால்தான் தலை தெரியும். திருமலை நாயக்கர் அரண்மனையின் ஒரு பகுதி இங்குவரை நீண்டிருந்ததற்கு அவைதான் சாட்சி. இன்று மகால் என்று டிக்கெட் வாங்கிப் பார்ப்பது பழைய அரண்மனையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு என்று சொல்வார்கள். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது அரண்மனையிலிருந்து மரவேலைப்பாடுகளையும் கற்களையும் பெயர்த்துக் கொண்டுபோனார். மிஞ்சியதை 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்கச் செய்தார். நடுவிலிருந்த பகுதி வீடுகளாகவும் கடைகளாகவும் ஆகிவிட்டது. அதே வட்டாரத்தில் நவபத்கானா தெரு இருக்கிறது. நகாராவும் நாயனமும் முழங்கும் அரண்மனை வாத்திய மண்டபத்துக்கு நௌபத்கானா என்று பெயர். வாத்தியம் நின்று முந்நூறு ஆண்டுகள் ஆகியும், அஞ்சல்காரர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கடிதம் கொடுக்கிறார். பத்துத்தூணுக்குப் போவதென்றால் ஆறு மணிக்கு முன் போய்விடுங்கள். கடை திறந்துவிட்டால் தூணின் அடிப்பாகம் மூட்டைகளுக்குப் பின்னால் போய்விடும். நாயை அங்கே குட்டைக் கயிற்றில் பிடியுங்கள். அந்தச் சந்து நாய்கள் தங்கள் எல்லையை விட்டுக்கொடுக்காதவை.

கான்சாமேட்டுத் தெருவைப் பற்றிக் கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன், கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. கான்சா என்பது கான் சாகிப். மருதநாயகம் என்று நாமறிந்த முகமது யூசுப் கான். கும்பெனிக்கும் ஆற்காட்டு நவாபுக்கும் படை நடத்தியவர், மதுரையை ஆளத் தொடங்கியபின் இருவரையும் எதிர்த்து நின்றார். 1763இல் முற்றுகையிட்ட படை பின்வாங்க நேர்ந்தது. 1764 ஜூனில் மதிலைப் பிளந்து உள்ளே நுழைய முயன்ற தாக்குதலையும் அவர் முறியடித்தார். பிளாக்பர்ன் பின்னால் இடித்த அதே மதில்தான். கடைசியில் மதில் அவரைக் கைவிடவில்லை. உள்ளிருந்த அவருடைய ஆட்களே பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிட்டார்கள். சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் ஒரு பள்ளிவாசலாக வழிபாட்டில் இருக்கிறது. ஊருக்குள் அவர் பெயரைத் தாங்கி நிற்பது இந்தத் தெரு. அதுவும் உச்சரிப்பில் தேய்ந்து, யார் பெயர் என்று தெரியாத அளவுக்கு.

மேல மாசி வீதியில் இருப்பதால் காந்தி தங்கிய வீடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1921 செப்டம்பர் 22 அன்று அவர் அரையாடைக்கு மாறியது அந்த மாடியில்தான். இப்போது கீழே கதர் கடை. அதன்பின் அவர் அந்த உடையில் மக்கள் முன் தோன்றிய இடத்துக்குக் காமராசர் சாலையில் காந்தி பொட்டல் என்று பெயர். இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் கூட்ட ஒன்றுமில்லை.

இன்னும் ஆழமாகப் போக விரும்பினால் மூன்று வழிகள் எனக்குப் பயன்பட்டிருக்கின்றன.

ஒன்று, பழைய கிரயப் பத்திரம். வீட்டு உரிமையாளர் நல்லவராக இருந்தால் கேட்டுப் பாருங்கள். சொத்து விவரத்தில் செக்குபந்தி என்று நான்கு எல்லைகளையும் எழுதியிருப்பார்கள். வடக்கே இன்னார் வீடு, கிழக்கே பொதுக் கிணறு, தெற்கே வண்டிப் பாதை என்று. அந்தக் கிணறும் பாதையும் இன்று இருக்காது. பத்திரம் எழுதியவருக்கு வரலாறு எழுதும் எண்ணம் கிடையாது, எல்லைத் தகராறு வரக்கூடாது என்பதே அவர் கவலை. அதனால்தான் அதை நம்பலாம். எங்கள் பக்கத்து வீட்டுப் பத்திரத்தில் ஒரு கிணறு வருகிறது. அது இருந்திருக்க வேண்டிய இடத்தில் இப்போது மாவு மில் இருக்கிறது. மழைக்காலத்தில் அந்த மில்லின் தரை மட்டும் ஈரம் கோத்துக்கொண்டு காயவே காயாது.

இரண்டு, 1906இல் வெளிவந்த மதுரை மாவட்ட கெசட்டியர், அதாவது மாவட்டத்தைப் பற்றிய அரசு விவர நூல். ஆங்கிலத்தில் இருக்கிறது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கோட்டை இடிப்பும் மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் அதில் வருகிறார்கள். ஆட்சியாளர்களின் பார்வையில் எழுதியது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மூன்று, மனிதர்கள். இதில் நாய் செய்யும் உதவி பெரிது. தனியாகப் போய் ஒரு பெரியவரிடம் "இந்தத் தெருவுக்கு ஏன் இந்தப் பெயர்?" என்று கேட்டால், வீடு வாங்க வந்த தரகரோ என்று பார்ப்பார். நாயோடு தினமும் போகிறவனை மூன்றாம் நாள் அவரே நிறுத்தி, "இது என்ன சாதி நாய்? என்ன போடுகிறீர்கள்?" என்று கேட்பார். என் நாய் வெறும் நாட்டு நாய், மணி என்று பெயர். அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே ஒரு டீக்கடைப் பெரியவர் எங்கள் முனையில் மாட்டு வண்டிகள் எந்தப் பக்கம் வரிசை கட்டி நிற்கும், மாடுகளுக்கு லாடம் அடிப்பவர் எந்த மரத்தடியில் உட்காருவார் என்று காட்டினார். அந்த மரம் இல்லை. ஆனால் அவர் காட்டிய இடத்துக்கு எதிரே நிற்கிறது ஒரு சாய்ந்த கல், உங்கள் சந்தில் நிற்பதைப் போலவே.

உங்கள் கல்லை இந்த வாரமே படம் எடுத்து, தரையிலிருந்து உயரத்தையும் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். மீண்டும் சாலை போடும்போது வேலையாட்கள் காலை ஆறு மணிக்கே வந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் தெருவில் இருப்பது நீங்களும் நாயும்தான். கல்லைச் சுற்றி ஒரு சாண் விட்டுத் தார் போடுங்கள் என்று கேட்டால் கேட்பார்கள். எங்கள் முனையில் கேட்டார்கள்.